காப்ளின்களைத் திரும்ப எழுத நினைப்பவர்களுக்கு

என் தம்பிக்கு வயது 19. ஆட்டிஸ்டிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் நண்பர்கள் சேர்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போது அவனும் வந்து உட்காருவான். ஒரு நாள் வழக்கம்போலக் குகைக்குள் நுழைந்தோம், அந்த ஆட்டத்தில் எதிரிகளாக வரும் குட்டி உருவங்களான காப்ளின்கள் நாலு பேரை வழக்கம்போல வெட்டிச் சாய்த்தோம். ஆட்டம் முடிந்து பகடைகளை டப்பாவில் போடும்போது கேட்டான்: “அக்கா, இவங்க என்ன தப்பு பண்ணாங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பண்ணவில்லை. குகைக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் நான் வெளியிட்ட 24 பக்கச் சிறு நூல். காப்ளின்களை ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது சிரமம்), டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பது சிரமம்) போன்ற நரம்பியல் வேறுபாடுகள் உள்ளவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளக்கூடிய மக்களாக எழுதியிருக்கிறேன். எனக்கும் ஏடிஹெச்டி உண்டு. ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதி, தெரியாமல் செய்த தப்புகளைத் திருத்துவதில் போயிற்று. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் எடுத்துக்கொள்வது ஆட்டத்தில் வரும் வேறு எதிரிகளான ஓர்க்காக இருக்கலாம், டிரோலாக இருக்கலாம். வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. முதலில் அந்த இனம் யாருடையது என்று பாருங்கள்

எழுத ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டியது இது. நான் மூன்று வாரம் எழுதிய பிறகு செய்தேன்.

எனக்கு முதலில் ஆசை கெண்டர்கள் மேல் இருந்தது. 1984-இல் வந்த டிராகன்லான்ஸ் என்ற கற்பனை உலகின் சின்ன மனிதர்கள். பயம் தெரியாது, ஆர்வம் அடங்காது, அடுத்தவர் பையிலிருக்கும் பொருள் தன் பைக்கு எப்படி வந்தது என்றே தெரியாது. “கெண்டர் இருந்தால் நான் ஆட மாட்டேன்” என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏடிஹெச்டி உள்ள எனக்கு அந்த வெறுப்பு நன்றாகப் பழக்கமான வெறுப்பு. ஆனால் கெண்டர் என்ற பெயரும் அந்த உலகமும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் சொத்து. அதைத் தொட்டு எழுதினால் அவர்கள் அனுமதிக்கும் இடத்தில், அவர்கள் நிபந்தனைப்படிதான் விற்க முடியும். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற அரக்கர்களும் அப்படித்தான்.

காப்ளின், ஓர்க், டிரோல் ஆகிய மூன்றும் விஸார்ட்ஸ் நிறுவனமே திறந்துவிட்ட விதித் தொகுப்பில் இருக்கின்றன. அதன் பெயர் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட், சுருக்கமாக எஸ்ஆர்டி. 5.1 பதிப்பு 2023 ஜனவரியிலும் 5.2 பதிப்பு 2025-இலும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தின் கீழ் வந்தன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எடுத்து மாற்றலாம், விற்கலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு கண்ணி: பெயர் பொதுவானது என்பதால் எல்லாக் கதையும் பொது ஆகிவிடாது. பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் காப்ளின்கள் எழுத்தைக் கண்டால் பயப்படுவார்கள். எழுதினால் தலைக்குள் இருக்கும் சொல் திருடு போய்விடும் என்று நம்புவார்கள். டிஸ்லெக்சியாவை வைத்து இதை எத்தனை அழகாகத் திருப்பி எழுதலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அது பைசோ நிறுவனம் உருவாக்கியது. விட்டுவிட்டேன். காப்ளின் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் கற்பனையை எடுக்காதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. காப்ளினைக் ‘குட்டிச்சாத்தான்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மந்திரவாதமும் ஏவலும் அதற்கே உரிய பயமும் இருக்கின்றன. வாசகர் முதல் வரியிலேயே தப்பான இடத்துக்குப் போய்விடுவார். அடுத்தது ‘இனம்’. விஸார்ட்ஸ் 2022 டிசம்பரில் ‘ரேஸ்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்கு மாறுவதாக அறிவித்தது. தமிழில் இரண்டுக்கும் இனம்தான். ‘குலம்’ போட்டுப் பார்த்தேன், அது நேராகச் சாதிக்குப் போய் நிற்கிறது. கடைசியில் நூல் முழுக்கக் ‘காப்ளின் மக்கள்’ என்றே எழுதினேன்.

2. குற்றப்பத்திரிகையை எழுதி வையுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், அந்த மக்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் எல்லாக் குறையும். கோழைகள், திருடர்கள், அழுக்கு, சத்தம், சொன்னால் புரியாது, ஒரு வேலையில் நிலைக்க மாட்டார்கள். வலது பக்கம், விதிப் புத்தகத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது.

இதைச் செய்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எஸ்ஆர்டி 5.1-இல் காப்ளினின் அறிவு மதிப்பெண் 10. அதே ஆவணத்தில் சாதாரண ஊர்க்காரருக்கும் 10. காப்ளின் முட்டாள் என்று விதி எங்குமே சொல்லவில்லை. நாம் ஆடும் மேசைதான் குரலை மாற்றிப் பேசிப் பேசி அப்படி ஆக்கியிருக்கிறது. எவ்வளவு அடி தாங்கும் என்று சொல்லும் உயிர்ப்புள்ளி 7, அதாவது நன்றாக விழுந்த ஒரு வெட்டில் முடிந்துவிடும். ‘நிம்பிள் எஸ்கேப்’ என்று ஒரு திறன் உண்டு: தன் முறையில் வேறு எதைச் செய்தாலும், கூடுதலாக விலகிப் போகவோ ஒளிந்துகொள்ளவோ முடியும். இதைத்தான் கோழைத்தனம் என்கிறோம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும்போது என் தம்பி செய்வதும் அதேதான். கதவு எங்கே என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

5.1-இல் காப்ளினின் குணம் ‘நியூட்ரல் ஈவில்’, அதாவது தீயவர். 5.2-இல் காப்ளின் போர்வீரன் ‘கேயாட்டிக் நியூட்ரல்’, அதாவது நல்லவரும் இல்லை தீயவரும் இல்லை, வகையும் மாயவுலகவாசி ஆகிவிட்டது. எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் எண்கள் ஒத்துப்போகாது.

முக்கியமான எச்சரிக்கை. இடது பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ‘நல்லவிதமாக’ மாற்ற முயலாதீர்கள். சிலவற்றை அப்படியே அடித்துவிட வேண்டும். வளைந்த மூக்கு, தங்கத்தின் மேல் பேராசை, பணத்தைப் பதுக்குவது ஆகியவை ஐரோப்பாவில் யூதர்களை இழிவுபடுத்த வரைந்த கேலிச் சித்திரங்களோடு கைகோத்துக் கிடப்பவை. நம் ஊரில் இது தெரியாமலே ஓவியர் அப்படி வரைந்து தருவார். எனக்கும் முதல் வரைவு அப்படித்தான் வந்தது. ஓவியருக்கு அனுப்பும் குறிப்பின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

3. படியுங்கள், ஆனால் சரியான ஆட்களிடமிருந்து

நோய்ப் பட்டியல்களிலிருந்து ஆரம்பித்தால் நீங்கள் எழுதுவது நோயாளிகளைப் பற்றியதாகிவிடும். நான் ஆரம்பித்தது அங்கேதான், அதனால்தான் என் முதல் வரைவு கெட்டது. ஆட்டிஸ்டிக் ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்குக் கைகொடுத்தவை மூன்று.

டேமியன் மில்டன் 2012-இல் எழுதிய ‘இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்’. ஆட்டிஸ்டிக் ஒருவரும் அல்லாதவர் ஒருவரும் பேசிப் புரியாமல் போனால், அந்தப் புரியாமை இருவருக்கும் நடுவில் இருக்கிறது, ஒருவர் தலைக்குள் இல்லை என்கிறார். மில்டனே ஆட்டிஸ்டிக். அடுத்தது, காதரின் கிராம்ப்டனும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. சின்ன வயதில் நாம் ஆடும் காதோடு காதாகச் சேதி சொல்லும் விளையாட்டுதான் அது. எல்லாரும் ஆட்டிஸ்டிக்காக இருந்த வரிசையில் கதை எவ்வளவு தூரம் கெடாமல் போனதோ, ஒருவரும் ஆட்டிஸ்டிக் அல்லாத வரிசையிலும் அவ்வளவே போனது. இருவகையினரையும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. மூன்றாவது, டைனா மரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் 2005-இல் விளக்கிய ‘மோனோட்ரோபிசம்’: கவனம் பல ஓடைகளாகப் பிரியாமல் ஒரே ஆறாக ஓடும் மனம்.

இவை மூன்றும் நேராக விதிகளாக மாறும். எப்படி என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

இதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

4. விதிக்கு முன்னால் ஊரை எழுதுங்கள்

இந்த முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மக்களின் இயல்பு குறையா இல்லையா என்பதை அவர்கள் நிற்கும் ஊர்தான் தீர்மானிக்கிறது. உங்கள் காப்ளின்கள் எப்போதும் மனிதர்களின் சந்தையிலேயே, மனிதர்களின் சத்தத்திலேயே, மனிதர்களின் வழக்கத்துக்குள்ளேயே நின்றால், நீங்கள் எத்தனை அன்பாக எழுதினாலும் அவர்கள் ‘சமாளிக்கிறவர்கள்’ ஆகத்தான் தெரிவார்கள். அவர்கள் கட்டிய ஊர் ஒன்று இருக்க வேண்டும். அங்கே போகும் மனிதன்தான் தடுமாற வேண்டும்.

என் காப்ளின்கள் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியில் வாழ்கிறார்கள். அங்கே விளக்குகள் எல்லாம் இடுப்புக்குக் கீழே. யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார்கள். ஒரே திசையைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். கண்ணை உற்றுப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பதாகப் பொருள். ‘சௌக்கியமா’ என்று சும்மா கேட்கும் வழக்கம் கிடையாது, கேட்டால் உட்கார்ந்து முழுப் பதிலையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தெருவின் முனையிலும் ‘கல்மூலை’ என்று ஒன்று உண்டு. குளிர்ந்த கல், மூன்று பக்கச் சுவர். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. மாலையில் எல்லாரும் சந்தைக்கு வருவார்கள், ஆனால் பொருளை வாங்க இல்லை. அவரவர் அந்த வாரம் எதில் மூழ்கியிருக்கிறார்களோ அதைச் சொல்ல வருவார்கள். கேட்பவர் ஒரு கூழாங்கல் கொடுக்க வேண்டும். ஒரு கிழவி 40 வருடமாக ஒரே பாசி வகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் வீட்டு முற்றம் முழுக்கக் கூழாங்கல்.

இந்தக் கிழவி என் தம்பி கொடுத்தது. அவனுக்கு ரயில் என்ஜின்கள். பள்ளியில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவன் டைரியில் எழுதி அனுப்பினார்கள். “அங்க கல்லு குடுப்பாங்களா?” என்று இரண்டு முறை கேட்டான். கொடுப்பார்கள் என்றேன்.

இங்கே விழக்கூடிய கண்ணி ஒன்று: எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவது. நரம்பியல் வேறுபாடு உள்ளவர்கள் தங்களுக்குள்ளும் ஒத்துப்போக மாட்டார்கள். எனக்கு வேலை செய்ய இரைச்சல் வேண்டும், தம்பிக்கு அமைதி வேண்டும், நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதனால் குவாரியில் ஒரு தெரு முழுக்கச் சத்தம், அடுத்த தெரு முழுக்க நிசப்தம் என்று வைத்தேன். நடுவில் இருக்கும் சுவரை யார் பராமரிப்பது என்ற சண்டைதான் அந்த ஊரின் அரசியல். அதிலிருந்தே இரண்டு சாகசக் கதைகள் கிடைத்தன. கெட்ட காப்ளின், சோம்பேறிக் காப்ளின், அன்பில்லாத காப்ளின் எல்லாம் இருக்கட்டும். மொத்த ஊரும் தேவதைகளாக இருந்தால் அதுவும் ஒரு கேலிச் சித்திரம்தான்.

ஊருக்கு இரண்டு மாதம் ஆகும். எண்ணே எழுதாமல் இத்தனை நாளா என்று தோன்றும். பரவாயில்லை.

5. இப்போது விதிகள்

என் முதல் வரைவில் கவர்ச்சி மதிப்பெண்ணில் இரண்டு குறைத்து, கூர்ந்து கவனிக்கும் திறனில் இரண்டு கூட்டியிருந்தேன். சமன் செய்துவிட்டதாக நினைப்பு. தம்பி படித்துவிட்டு, “என் ஸ்கூல் ரிப்போர்ட் மாதிரி இருக்கு” என்றான். அன்றே அந்தக் கோப்பை மூடிவிட்டேன்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்த இடத்தில் ஓர் அதிசய சக்தியைக் கொடுத்து ஈடுகட்டவும் செய்யாதீர்கள். ‘பேச வராது, ஆனால் கணக்கில் மேதை’ என்பது பழைய சினிமா. மேதையாக இல்லாத ஆட்டிஸ்டிக் பிள்ளைகளுக்கு அது இன்னொரு சுமை. ஒரே பொட்டலமாகவும் கொடுக்காதீர்கள். நான் ஏழு திறன்கள் எழுதி, ஆடுகிறவர் இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டேன். அதில் மூன்றை இங்கே சொல்கிறேன், உங்கள் நூலில் எப்படி வரலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் தடம்: ஒரு நீண்ட ஓய்வுக்கு (பாத்திரம் இரவு தூங்கி எழுவது போல) ஒரு முறை, ஒரே வேலையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் அதில் மூழ்கலாம். அந்த வேலைக்கான பகடைகளை எல்லாம் இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். இது மோனோட்ரோபிசத்திலிருந்து வந்தது.

சொன்னது சொன்னபடி: காப்ளினிடமிருந்து காப்ளினுக்குப் போகும் சேதி எத்தனை கை மாறினாலும் ஓர் எழுத்துகூடக் குறையாது. பகடை வேண்டாம். இது கிராம்ப்டன் ஆய்வு தந்தது. கூட்டத்தில் ஒரு காப்ளின் இருந்தால் ஊரின் மறுமுனைக்கும் சேதி அனுப்பலாம், ஆடுகிறவர்கள் இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

இரு கரை: காப்ளினும் வேற்று மக்களும் முதல் முறை பேசும்போது, பேச்சு தொடர்பான பகடையில் இரு தரப்புக்கும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் என்பதை மறக்க வேண்டாம், மில்டன் சொன்னது அதுதான். யாராவது ஒருவர் “உனக்கு எப்படிப் பேசினால் வசதி?” என்று கேட்டுவிட்டால் அது அங்கேயே நீங்கிவிடும். ஒரு கேள்வி, அவ்வளவுதான் விலை.

கடைசியாக, ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: ‘இவை நோயோ சாபமோ அல்ல, எந்த மந்திரமும் இவற்றை நீக்காது.’ இதை நான் எழுத மறந்திருந்தேன். முதல் சோதனை ஆட்டத்திலேயே குருமார் பாத்திரம் ஏற்றிருந்த நண்பர் நல்ல மனதோடு ‘லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன்’ மந்திரத்தைப் போட்டுக் காப்ளினைக் ‘குணப்படுத்த’ப் பார்த்தார். மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

6. ஆடிப் பாருங்கள்

குறைந்தது ஐந்து ஆட்டம், இரண்டு வெவ்வேறு குழுக்கள். ஒரு குழு உங்களைத் தெரியாதவர்களாக இருக்கட்டும். நண்பர்கள் உங்கள் முகத்துக்காக ஒப்புக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன் பகடையே உருட்டாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளும் ‘செஷன் ஸீரோ’ கட்டாயம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ ஒன்றை மேசை நடுவில் வையுங்கள். யாருக்காவது ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், காட்சி நகர்ந்துவிடும். பேச்சு நின்றுபோகும் நேரங்கள் வரும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். நடுவில் இடைவேளை எப்போது என்று முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டுங்கள்.

கருத்துக் கேட்கும்போது ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் நீங்கள் காப்ளினைக் கேலி செய்தீர்கள்’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள்தான் என் விதிகளை அதிகம் மாற்றின. எழுதித் தரவும் வழி வையுங்கள், எல்லாருக்கும் வாயில் பதில் வராது.

7. வாசித்துத் தருபவர், ஓவியர், ஒப்பந்தம்

வீட்டில் ஒருவர் ஆட்டிஸ்டிக் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். தம்பி ஒருவன்தான். உங்கள் நூல் தொடும் வேறுபாடுகளை வாழும் இருவரிடமாவது முழுக் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். காசு கொடுத்து வாங்குங்கள். ‘விழிப்புணர்வுக்காக’ என்று இலவசமாகக் கேட்பது அவர்கள் தினமும் சலித்துப்போன விஷயம். மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள், என்னென்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். நூலில் பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள், பலர் வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓவியர் விஷயத்தில்தான் நான் பணமும் நேரமும் அதிகம் விட்டேன். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தேன், ஒப்பந்தம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19 இதில் தெளிவாக இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் பொருள். எந்த நாடுகள் என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்தில் உலகம் முழுக்க விற்கப்போகும் நூலுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பாருங்கள். ஒரே பக்க ஒப்பந்தம் போதும்: எந்தெந்தப் படம், எவ்வளவு பணம், எப்போது, எத்தனை திருத்தம், எத்தனை வருடம், உலகம் முழுவதும், மின்னூல் மற்றும் அச்சு. அதோடு, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று அதே பிரிவு சொல்கிறது. அது பொருந்தாது என்றும் ஒரு வரி சேருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நூல் தள்ளிப்போவது சகஜம்.

இந்தியாவுக்குள் இருக்கும் ஓவியருக்குப் பேபால் வழியாகப் பணம் அனுப்ப முடியாது. 2021 ஏப்ரலோடு உள்நாட்டுச் சேவை நின்றுவிட்டது. யுபிஐ போதும், பரிவர்த்தனைக் குறிப்பில் ‘காப்ளின் அட்டை ஓவியம்’ என்று எழுதிவிடுங்கள், பிறகு கணக்குப் பார்க்க வசதி.

8. பக்க வடிவமைப்பு

வேறுபாட்டைக் கொண்டாடும் நூல், டிஸ்லெக்சியா உள்ளவரால் படிக்க முடியாத மாதிரி இருந்தால் என்ன பயன்? பழைய தோல் மாதிரிப் பின்னணி, வளைந்து நெளிந்த எழுத்து, நெருக்கமான இரட்டைப் பத்தி என்று ஃபேண்டசி நூல்களுக்கு ஒரு வாடிக்கை உண்டு. விடுங்கள். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் பரிந்துரை எளிது: 12 முதல் 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, இடது ஓரம் மட்டும் நேராக, பளீர் வெள்ளைக்குப் பதில் வெளிர் மஞ்சள் போன்ற பின்னணி. ஆங்கிலப் பதிப்புக்கு பிரெய்ல் இன்ஸ்டிடியூட்டின் ‘அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள்’ எழுத்துரு இலவசம். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டேன், அதுவும் இலவசம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்து தெரிந்தால் பதறாதீர்கள், ‘வேர்ல்ட் ரெடி கம்போஸர்’ என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாமல் எனக்கு நாலு நாள் போயிற்று.

ஒவ்வொரு படத்துக்கும் விவரிப்பு எழுதுங்கள், பிடிஎஃபில் தலைப்புகளுக்குக் குறியிடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கு இவை இல்லாவிட்டால் நூலே இல்லை.

9. உரிம வரியும் விற்கும் இடமும்

எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில், நீங்கள் போட வேண்டிய உரிம வாசகம் ஆங்கிலத்தில் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு எழுத்து மாற்றாமல் நூலில் ஒட்டுங்கள். தமிழ் நூலாக இருந்தாலும் ஆங்கில வாசகம் இருக்கட்டும், கீழே தமிழில் விளக்கலாம். ஆட்டத்தின் ‘ஐந்தாம் பதிப்போடு ஒத்துப்போகும்’ என்று போட அனுமதி உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையோ அதன் சின்னத்தையோ அட்டையில் போடக் கூடாது.

விற்க மூன்று வழி. இட்ச் தளத்தில் அவர்களுக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே வைக்கலாம், வழக்கமான அளவு 10. டிரைவ்த்ரூ ஆர்பிஜியில் அங்கே மட்டும் விற்றால் உங்களுக்கு 70 சதவீதம், வேறு இடத்திலும் விற்றால் 65. புதியவரின் முதல் நூலை அவர்கள் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுவார்கள். அதனால் ‘இன்ன தேதியில் வருகிறது’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது டிஎம்ஸ் கில்ட். அங்கே விஸார்ட்ஸின் உலகங்களைத் தொடலாம், உங்களுக்கு 50 சதவீதம், ஆனால் அந்த நூலை வேறெங்கும் விற்க முடியாது. எஸ்ஆர்டியை மட்டும் வைத்து எழுதியவர்களுக்கு அதற்குத் தேவையே இல்லை. நான் இட்ச் எடுத்தேன். விருப்பப்பட்ட விலை கொடுக்கும் வசதி வைத்தேன், வேலையில்லாத ஆட்டிஸ்டிக் பெரியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று.

10. வரிப் படிவமும் பணமும்

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. இவை அமெரிக்கத் தளங்கள் என்பதால் டபிள்யூ-8 பி.இ.என் என்ற படிவத்தை இணையத்திலேயே நிரப்பச் சொல்வார்கள். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் அதைத்தான் போட வேண்டும். ராயல்டிக்கு ஒப்பந்தப்படி எந்த விகிதம் என்று கேட்குமிடத்தில், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் பிரிவு 12, 15 சதவீதம். இதை நிரப்பாமல் தாண்டினால் 30 சதவீதம் பிடிக்கலாம். பெயரும் முகவரியும் பான் அட்டையிலும் வங்கியிலும் இருப்பது போல ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். என் பெயரின் முன்னெழுத்து ஒரு இடத்தில் முன்னாலும் ஒரு இடத்தில் பின்னாலும் இருந்ததால் படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது.

பணம் பேபாலுக்கு வந்தால் அங்கே தங்காது, தானாக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். எதற்கான பணம் என்று பர்ப்பஸ் கோடு கேட்பார்கள், முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் பிடித்த வரிக்கு இங்கே கழிவு கேட்கத் தனிப் படிவமும் கெடுவும் உண்டு. தொகை சின்னதாக இருந்தாலும் முதல் வருடம் ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

11. எனக்கு ஆன செலவும் நாளும்

வாசித்துத் தந்த இருவருக்கும் தலா 4,000 ரூபாய். அட்டை ஓவியம் 6,500. உள்ளே ஐந்து சின்னப் படங்கள், தலா 1,200. சோதனை ஆட்டங்களுக்குப் பிரதி எடுத்தது 700. மொத்தம் 21,200 ரூபாய். ஒப்பந்தம் இல்லாமல் வரைந்து வாங்கிப் பயன்படுத்த முடியாமல் போன படங்களின் பணம் இதில் சேரவில்லை. குறைக்க வேண்டும் என்றால் படங்களைக் குறையுங்கள், வாசிப்பவர்களின் பணத்தில் கை வைக்காதீர்கள்.

நாள் கணக்கு: படிக்க ஆறு வாரம், ஊருக்கு இரண்டு மாதம், விதிகளுக்கும் சோதனைக்கும் இரண்டரை மாதம், வாசிப்புக்கு மூன்று வாரம், திருத்தி எழுத ஒரு மாதம், வடிவமைப்புக்கு மூன்று வாரம், வெளியிட இரண்டு வாரம். தேர்வு மாதங்களில் சோதனை ஆட்டம் வைக்காதீர்கள், ஆள் கிடைக்காது. எனக்குத் தேதிகள் நினைவில் நிற்காது என்பதால் எல்லாவற்றையும் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதினேன்.

அதில் இன்னும் ஒரு தேதி பாக்கி இருக்கிறது. டபிள்யூ-8 பி.இ.என் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். 2025-இல் போட்டால் 2028 கடைசி வரை. தம்பிதான் அதைத் தன் ரயில் அட்டவணை நோட்டில் குறித்து வைத்திருக்கிறான்.